வயித்து வலியோட வர்ற பசங்களும், கண்ணை மூடச் சொல்ற பள்ளிகளும்

திங்கட்கிழமை காலை ஓ.பி.யில ஒரு கூட்டம் வரும். பத்து, பன்னிரண்டு வயசுப் பசங்க. காய்ச்சல் இருக்காது, வாந்தி இருக்காது, வயித்தை அமுக்கிப் பார்த்தா குறிப்பிட்ட இடத்துல வலி இருக்காது. ஆனா வயித்து வலி. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கும். அன்னைக்கு ஸ்கூல் லீவுன்னா மதியத்துக்குள்ள காணாமப் போயிடும்.

நடிக்கிறான்னு திட்டாதீங்க. வலி நிஜம். பரீட்சைக்கு முன்னாடி உங்களுக்கு வயித்தைக் கலக்கினது ஞாபகம் இருக்கா? அதே சங்கதிதான். இவனுக்கு அது வாராவாரம் வருது.

சில மாசம் முன்னாடி ஏழாவது படிக்கிற ஒரு பையன் மூணாவது தடவையா இதே வலியோட வந்தான் (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்). யூரின், ஸ்கேன் எல்லாம் நார்மல். ஏதோ தோணி, ஓ.பி. சீட்டைக் கையில கொடுத்து "இதைப் படிப்பா"ன்னேன். முதல் எழுத்தைப் பார்த்துட்டு மிச்சத்தை யூகிச்சுச் சொன்னான். தப்புன்னு அவனுக்கே தெரிஞ்சுது. நிமிர்ந்து, "நான் மக்கு டாக்டர்"னான்.

அழல. பேரு, கிளாஸ் கேட்டா எப்படிச் சொல்லுவானோ அப்படிச் சொன்னான்.

அவங்க அம்மா ஸ்கூல் டைரியை நீட்டினாங்க. சிவப்பு மையில, "தியான வகுப்பில் ஒத்துழைப்பதில்லை. கண்களை மூடுவதில்லை." விசாரிச்சா, படிப்புல பின்தங்குற, சேட்டை பண்ற பசங்களை மட்டும் தனியாப் பிரிச்சு மைண்ட்ஃபுல்னஸ் கிளாஸ் நடத்துறாங்களாம். எப்போ? பி.டி. பீரியட்ல. மத்த பசங்க கிரவுண்ட்ல விளையாடிட்டு இருக்கும்போது.

எனக்கு வந்த கோபத்துலதான் இந்த இழையை எழுதுறேன். நான் எம்.பி.பி.எஸ்., மனநல நிபுணர் கிடையாது. ஆனா இந்தப் பசங்க முதல்ல வந்து நிக்கிறது எங்களை மாதிரி ஆளுங்க முன்னாடிதான். அதனால இதை நான் சொல்லியே ஆகணும்.

முதல்ல பிரச்சினை என்னன்னு சுருக்கமா. டிஸ்லெக்சியான்னா வாசிப்புல வர்ற கற்றல் குறைபாடு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கண்ணுலயும் கோளாறு இல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற வேலை மூளைக்குள்ள தடுமாறுது. இங்கிலீஷ்ல பி, டி எழுத்துகளை மாத்திப் போடுவாங்கன்னு சினிமா பார்த்து எல்லாருக்கும் தெரியும். தமிழ்ல எப்படித் தெரியும்? 'கொ'ன்னு எழுதணும். முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஒலிக்கிற வரிசை வேற, எழுதுற வரிசை வேற. காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். ல, ள, ழ பத்திச் சொல்லவே வேணாம். மத்த பிள்ளைங்க ரெண்டாவதுலயே தாண்டிடுற இந்த இடத்துல இவங்க ஆறாவது வரைக்கும் நிப்பாங்க.

ஏ.டி.எச்.டி. வேற. கவனம் இல்லாம இல்ல, கவனத்துக்கு ஸ்டியரிங் சரியா இல்ல. துறுதுறுன்னு ஓடுறவன் கண்ணுல பட்டுடுவான். கடைசி பெஞ்சுல ஜன்னலைப் பார்த்துட்டு அமைதியா உக்காந்திருக்கிற பொண்ணு படமாட்டா. நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அந்தப் பையனுக்கும் அப்படித்தான்.

இப்போ 'மக்கு'க்கு வருவோம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைங்க தங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு பல வருஷமா ஆய்வு பண்ணியிருக்காங்க. திரும்பத் திரும்ப வர்றது என்னன்னா, "படிப்புல நான் எப்படி"ங்கிற எண்ணம் நல்லாவே அடிவாங்குது. ஆனா "மொத்தத்துல நான் எப்படிப்பட்ட ஆளு"ங்கிற எண்ணம் எல்லாருக்கும் அதே அளவுக்கு விழுறதில்ல. ஏன்? வேற எங்கயோ ஒரு கால் ஊன்றியிருக்கு. கபடி, சைக்கிள் ரிப்பேர், டிராயிங், தங்கச்சியைப் பார்த்துக்கிறது, ஏதோ ஒண்ணு.

அந்தப் பையனுக்கு அது ஓட்டப்பந்தயம். பி.டி. பீரியட்ல பிடுங்கினது அந்தக் காலைத்தான்.

(ஏ.டி.எச்.டி. பசங்கள்ல சிலர் நேர் எதிரா இருப்பாங்க. பரீட்சையில பன்னிரண்டு மார்க் வாங்கிட்டு "சூப்பரா எழுதினேன்"னு சொல்லுவாங்க. திமிர்னு அடிக்காதீங்க. பல நேரம் அது கவசம்.)

அப்போ மைண்ட்ஃபுல்னஸே மோசமான்னு கேட்டா, இல்ல. இந்தக் காலத்து மருத்துவத்துக்குள்ள இதைக் கொண்டுவந்தவர்கள்ல முக்கியமானவர் ஜான் கபாட் ஸின். 1979-ல அமெரிக்காவுல, நாள்பட்ட வலியோட இருந்த பெரியவங்களுக்காக ஆரம்பிச்சார். இப்போ நடக்குறதைக் கவனி, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு எழுதாதே, மனசு ஓடிப்போனா திரும்பக் கூட்டிட்டு வா. அவ்வளவுதான் சாரம். கண்ணை மூடணும்னோ, அசையக் கூடாதுன்னோ கட்டாயம் கிடையாது. நடந்துகிட்டே பண்ணலாம்.

எனக்குப் பிடிச்ச இடம் அந்த 'திரும்பக் கூட்டிட்டு வா'தான். வகுப்புல மனசு ஓடிப்போனா குத்தம். இங்க ஓடிப்போனதைக் கவனிச்சாலே பாதிப் பயிற்சி முடிஞ்சுது. நூறு தடவை ஓடினா நூறு தடவை திரும்பலாம், தோக்க வழியே இல்ல. நாள் முழுக்கத் தோத்துட்டே இருக்கிற பிள்ளைக்கு இப்படி ரெண்டு நிமிஷம் கிடைக்கிறது சின்ன விஷயமில்ல. கொஞ்சம் பழகினதும் "நான் மக்குன்னு ஒரு நினைப்பு வருது"ன்னு சொல்லத் தெரியும். "நான் மக்கு"ங்கிறதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

வீட்டுலயே பண்ணலாம். எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால ஒரு தட்டு. சத்தம் முழுசா அடங்கினதும் கையைத் தூக்கணும். நீங்களும் சேர்ந்து தூக்குங்க. இல்ல, வெறுங்காலோட வாசல்ல பத்து அடி நடக்கச் சொல்லி, கால்ல என்ன தெரியுதுன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷம் போதும், மார்க் போடாதீங்க, "உன் தம்பி எவ்ளோ நல்லா பண்றான் பாரு"ன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

ஆனா இது வைத்தியத்துக்குப் பதில் கிடையாது. இங்கிலாந்துல 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள்ல, 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள்கிட்ட 'மிரியட்'னு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2022-ல முடிவு வந்துச்சு. வகுப்புல எல்லாருக்கும் மைண்ட்ஃபுல்னஸ் சொல்லிக் கொடுத்தது, வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களோட மனநலத்தை மேம்படுத்தல. ஏ.டி.எச்.டி. பிள்ளைங்ககிட்ட நடந்த ஆய்வுகள் சிலது நம்பிக்கை தருது, ஆனா பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். டிஸ்லெக்சியா பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் படிப்படியா சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிற தனிப்பயிற்சி வேணும். மூச்சைக் கவனிச்சா 'கொ' வராது. ஏ.டி.எச்.டி.யில சிலருக்கு மாத்திரை தேவைப்படும். பல பத்தாண்டுகளாப் புழக்கத்துல இருக்கிற மருந்துகள்தான். பசி குறையலாம், தூக்கம் குறையலாம், அதுக்குத்தான் நிபுணர்கிட்ட தொடர்ந்து காட்டணும்ங்கிறது.

பள்ளிகளுக்கு ஒண்ணு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு அடியை மட்டும் தடை பண்ணல, மனரீதியாத் துன்புறுத்துறதையும் தடை பண்ணுது. வகுப்பு நடுவுல 'மக்கு'ன்னு கூப்பிடுறது வேற என்ன? பி.டி. பீரியட் தண்டனைக்கான சேமிப்புக் கணக்கு இல்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு அதைக் கூட்டித்தான் கொடுக்கணும்.

பெற்றோருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் இருக்கு. சான்றிதழ் வாங்கினா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள், மொழிப்பாட விலக்குன்னு சலுகைகள் கேட்கலாம். "சர்டிபிகேட் வாங்கினா ஊர் என்ன சொல்லும்"னு அந்தப் பையனோட அப்பா கேட்டார். ஊர் ஏற்கெனவே சொல்லிட்டுத்தான் இருக்குங்க, அதை அவனும் நம்பிட்டான்.

பத்தாவது வரைக்கும் காத்திருக்காதீங்க. மூணாவது முடிக்கும்போதும் வாசிக்கத் திணறினா, முதல்ல கண்ணையும் காதையும் பரிசோதிச்சுட்டு, உங்க மாவட்டத்துல இருக்கிற டி.இ.ஐ.சி.க்குப் போங்க. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயோ அரசு மருத்துவக் கல்லூரியிலயோ இருக்கும். பிறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க, காசு கிடையாது. ஒரே நாள்ல முடியாது, நாலஞ்சு தடவை அலைய வேண்டியிருக்கும், அதை மறைக்க விரும்பல.

போகும்போது ரேங்க் கார்டை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. பிள்ளை கைப்பட எழுதின பழைய நோட்டு ரெண்டு, தமிழ் ஒண்ணு, கணக்கு ஒண்ணு, பையில போட்டுக்குங்க. அவன் எந்த எழுத்துல தடுமாறுறான்னு அதைப் பார்த்தாத்தான் தெரியும்.