ரெண்டு தள்ளு, ஒரு டிரிபிள்!



காலை எட்டரை மணி தாம்பரம் ஸ்டேஷன் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பீச் லோக்கல் கிளம்பி நகரும்போதுதான் நம்மாளு ஓடி வந்து ஃபுட்போர்டுல தொத்துவார். குரோம்பேட்டை, பல்லாவரம்னு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏற ஏற, பாதி உடம்பு வெளியே! அட்வைஸ் பண்ண வரலை பாஸ். ஒரே ஒரு கேள்விதான். ஒரு நொடி பிடி நழுவி ஒரு கால் போயிடுச்சுன்னா, அதுக்கப்புறம் என்ன? 'அவ்ளோதான், லைஃப் முடிஞ்சுது'ன்னு சொல்றீங்களா? அப்போ இவரைத் தெரிஞ்சுக்கங்க.

பேட்ரிக் ஆண்டர்சன். கனடாக்காரர். 1989-ல், ஒன்பது வயதில், குடித்துவிட்டு ஒருவர் ஓட்டி வந்த கார் மோதி முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும் போச்சு. பிறகு வீல்சேர் பாஸ்கெட்பாலுக்கு வந்தார். பாராலிம்பிக்ஸில் 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2012 லண்டன்... மூன்று தங்கம்! நடுவில் 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர்னு பலரும் கைகாட்டுவது இவரைத்தான்.

'வீல்சேர்னா கூடையை இறக்கி வெச்சிருப்பாங்க'ன்னு நினைச்சா ஏமாந்தீங்க! அதே பத்தடி உயரம், அதே கோர்ட். சக்கரத்தை ரெண்டு தடவை தள்ளலாம். மூணாவது தள்ளுக்கு முன்னாடி பந்தைத் தட்டியாகணும். வீரர்களுக்கு உடல் இயக்கத்தைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் தண்டுவடம் பாதித்தவருக்கும் அணியில் கட்டாயம் இடம் இருக்கும். தினமும் செயற்கைக் காலோடு நடப்பவர்கூட ஆடலாம். கோர்ட்டில் மட்டும் வீல்சேர்!

'இதெல்லாம் வெளிநாட்டுல'ன்னு இழுக்காதீங்க. இந்திய வீல்சேர் பாஸ்கெட்பால் சம்மேளனம் 2014-ல் பிறந்ததே நம்ம சென்னையை மையமா வெச்சுத்தான். ஆரம்பிச்சவர் மாதவி லதா. குழந்தையிலேயே போலியோ, பிறகு வங்கி வேலை. முதுகெலும்பு வளைந்து நுரையீரலை அழுத்தியபோது சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், நீச்சல் வீராங்கனையாகவே வெளியே வந்தார்! தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கணும்னு இறங்கினார்.

2019 ஆகஸ்ட். காஷ்மீரில் போன், நெட் எல்லாம் முடக்கம். பாரமுல்லாவின் இஷ்ரத் அக்தருக்கு, மாடியிலிருந்து விழுந்து தண்டுவடம் பாதித்த அந்தப் பெண்ணுக்கு, இந்திய அணி முகாமுக்கு அழைப்பு. தகவல் சொல்ல வழியில்லை. கடைசியில் ஆட்கள் வீடு தேடிப்போய்ச் சொல்ல, அவர் கிளம்பி வந்து சேர்ந்த ஊர்... நம்ம சென்னை!

ஆனாலும் ஒரு வருத்தம். 2024 பாரிஸ் வரை எந்தப் பாராலிம்பிக்ஸிலும் இந்திய வீல்சேர் பாஸ்கெட்பால் அணி ஆடியதில்லை. திறமைக்குப் பஞ்சமா? இல்லை. ஆட்டத்துக்கான வீல்சேர் வேற ரகம். திரும்பும்போது கவிழாமலிருக்க சக்கரங்கள் சரிவா இருக்கும், விலையும் எகிறும். அதைவிடப் பெரிய தடை, கோர்ட் வாசல்ல இருக்கிற படி.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் உயர்கல்வி இடங்களில் குறைந்தது 5 சதவீதத்தை ஒதுக்கச் சொல்லுது. சீட் கிடைத்து உள்ளே வந்த நண்பன் கிரவுண்டுக்கு எப்படி வருவான்?

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க காலேஜ் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போய்ப் படியை எண்ணுங்க. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேணும். கணக்குப் போட்டு, பத்துப் பேர் கையெழுத்தோட பிரின்சிபால்கிட்ட ஒரு மனு. அவ்வளவுதான்.

சாய்தளம் வந்துட்டா, மேட்ச் ஆட ஆள் தானா வருவாங்க மச்சி. பந்தை மட்டும் ரெடியா வெச்சிருங்க!