பழைய துப்பாக்கி, பழகிய கை

பிரான்ஸ் நாட்டிலே ஜி.ஐ.ஜி.என். என்றொரு படைப் பிரிவு இருக்கிறது. ராணுவத்தைச் சேர்ந்த ஜாந்தார்மரி என்னும் காவற்படையிலிருந்து பொறுக்கி எடுத்த வீரர்களைக் கொண்டது அது. விமானத்தைக் கடத்துவோர், அப்பாவிகளைப் பிணையாகப் பிடித்து வைத்து மிரட்டுவோர் ஆகியோரை அடக்குவதே அதன் முக்கிய வேலை. இருட்டிலும் பார்க்க உதவும் கண்ணாடி, குண்டு துளைக்காத கேடயம், கைக்கடக்கமான இயந்திரத் துப்பாக்கி என்று புத்தம் புதிய கருவிகளெல்லாம் அதனிடம் உண்டு. ஆனால் பயிற்சியில் தேறிய வீரனுக்கு, படையின் சின்னமாக அவன் கையில் கொடுக்கப்படுவது எது தெரியுமா? ஆறே ஆறு தோட்டா கொள்ளும் ரிவால்வர்!

சாமுவேல் கோல்ட் என்பவர் சுழலும் உருளை வைத்த துப்பாக்கிக்கு அமெரிக்காவில் 1836-ல் காப்புரிமை பெற்றார். மானூரின் கம்பெனி செய்த 'எம்.ஆர்.73' என்ற இந்தப் பிரெஞ்சு ரிவால்வர் வந்தது 1973-ல். இடையே 137 ஆண்டுகள். உருக்கு மேம்பட்டது, வேலைப்பாடு நுட்பமாயிற்று. அடிப்படை ஏற்பாடு மட்டும் மாறவில்லை. இன்று சாதாரண ஆட்டோமாட்டிக் கைத்துப்பாக்கியிலேயே 15 அல்லது 17 தோட்டா அடைக்கலாம். அந்த ஆட்டோமாட்டிக்கும் ஜி.ஐ.ஜி.என். வீரர்களிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் ரிவால்வரை அவர்கள் தூக்கி எறியவில்லை. ஏன்?

முதற் காரணம், நம்பகம். ஆட்டோமாட்டிக் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காமற் போனால், மேல் மூடியைக் கையால் பின்னுக்கு இழுத்து அதை வெளியே தள்ளவேண்டும். அதற்குள் எதிரி முந்திக்கொள்ளலாம். ரிவால்வரில் அந்தச் சிரமம் இல்லை. விசையை மறுபடி அழுத்தினால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். இரண்டாவது காரணம், கட்டுப்பாடு. இருப்பதே ஆறு தோட்டா என்றால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் சுடவேண்டும். பிணைக் கைதிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இடத்திலே குறி தவறிய ஒரு குண்டு, காப்பாற்ற வேண்டிய உயிரையே பறித்துவிடும்.

இந்தப் படையின் பயிற்சியில் 'நம்பிக்கைச் சூடு' என்று ஒரு சோதனை உண்டு. குண்டு துளைக்காத கவசம் அணிந்த தோழனின் மார்பிலே, களிமண்ணால் ஆன ஒரு சிறு வில்லை பொருத்தப்படும். எதிரே நிற்கும் வீரன் மெய்யான தோட்டாவைக் கொண்டே அந்த வில்லையைச் சுட்டு உடைக்கவேண்டும். சுடுகிறவனுக்குத் தன் கையிலே நம்பிக்கை. நிற்கிறவனுக்குத் தோழன் மீது நம்பிக்கை. கை நடுங்குகிறவனுக்கு அந்தப் படையில் இடமில்லை.

இதெல்லாம் வெறும் வேடிக்கை அல்ல என்பதை 1994 டிசம்பர் 26-ந் தேதி உலகம் கண்டது. அல்ஜீரியாவில் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் மார்சேய் நகரின் மாரின்யான் நிலையத்தில் நின்றது. அதற்குள்ளாகவே பயணிகளில் மூவரைக் கொன்றுவிட்டிருந்தார்கள் கடத்தல்காரர்கள். ஜி.ஐ.ஜி.என். வீரர்கள் விமானத்தில் ஏறினார்கள். எதிரே தானியங்கித் துப்பாக்கிகள். முதலில் நுழைந்த வீரரின் கையில் இருந்தது ரிவால்வர். அவர் உடலெங்கும் குண்டடி பட்டது; ஆயினும் உயிர் தப்பினார். கடத்தல்காரர் நால்வரும் மாண்டனர். விமானத்தில் எஞ்சியிருந்த பயணிகளும் சிப்பந்திகளும் உயிருடன் மீண்டனர்.

அப்படியானால் பழையதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அமெரிக்க மரீன் படை வீரர்களின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டையில், பாய்ந்து வரும் எதிரியைச் சிறிய ரிவால்வர் குண்டு நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவம் கண்டது. பெரிய குண்டு வேண்டும் என்றது. ஜான் பிரௌனிங் அமைத்த .45 கைத்துப்பாக்கி 1911-ல் ஏற்கப்பட்டது. சோதனையில் 6,000 தோட்டாக்களை அது தடையின்றிச் சுட்டுத் தள்ளியதாம்! இரண்டு உலக யுத்தங்களைக் கண்ட அந்தத் துப்பாக்கிக்கு 1985-ல் ஓய்வு கொடுத்து, இத்தாலிய பெரட்டாவை வாங்கினார்கள்.

ஆனால் மரீன்களின் பொறுக்கு வீரர்கள் பழைய .45-ஐ விட மறுத்தார்கள். கிடங்கிலே கிடந்த, 1945-க்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகளின் உடற்பகுதியை எடுத்து, குவாண்டிகோ தளத்தின் ஆயுதக் கம்மியர்கள் புதிய பாகங்களைக் கையாலே பொருத்திக் கொடுத்தார்கள். தாத்தா சுட்ட துப்பாக்கியைப் பேரன் சுட்டான் என்று சொன்னாலும் பொய்யாகாது. 2012-ல் கோல்ட் கம்பெனியிடம் இதே மாதிரியில் 12,000 வரை வாங்கவும் ஒப்பந்தம் செய்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ஒவ்வொன்றையும் கையால் பொருத்திப் பராமரிக்கும் செலவும் சிரமமும் ஒரு பக்கம். சிறிய குண்டும் நவீன அமைப்பால் திறன் பெற்றுவிட்டது மறுபக்கம். பழையதில் 7 தோட்டா, புதியதில் 17. கணக்கு மாறிவிட்டது. 2020 முதல் மரீன்களுக்கு எம்-18 என்ற புதிய துப்பாக்கி வழங்கப்பட்டு, .45 விடைபெற்றது. நூறாண்டுப் பெருமையைக் காட்டி யாரும் அதைப் பிடித்து வைக்கவில்லை.

இரண்டு படைகளும் செய்தது நேர்மாறான காரியம்போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்றைய வேலையை இது செய்கிறதா?" செய்யும் வரையில், உலகமே பழசு என்று சிரித்தாலும் பிரெஞ்சு வீரன் ரிவால்வரை விடவில்லை. செய்யாது என்று தெரிந்ததும் அமெரிக்க வீரன் பெருமை பாராட்டாமல் கீழே வைத்தான்.

ஆயுதம் வாங்கும் அதிகாரத்தில் இருப்போர் இதைக் கவனிக்கவேண்டும். புதியது என்ற பளபளப்புக்காகக் கோடிகளைக் கொட்டுவதும் தவறு. பழையது என்ற பாசத்துக்காகச் சிப்பாயின் உயிரைப் பணயம் வைப்பதும் தவறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழகாத கையில் 17 தோட்டாவும் வீண்; பழகிய கையில் ஆறும் போதும். துப்பாக்கி வாங்கும் பணத்தோடு, பயிற்சித் தோட்டாவுக்கும் பணம் ஒதுக்குகிற நாடுதான் தன் வீரனை உண்மையாக மதிக்கும் நாடு.