உடல் பெருத்தவர்களைக் கேலி செய்யாதீர்கள்!

மதுரையில் 2026 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவி இறந்து போனார். உடல் இளைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. உயிர் போய்விட்டது.

வெங்காரம் என்பது என்ன? பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்கும்போது உபயோகிக்கும் பொருள். அது வயிற்றுக்குள் போக வேண்டிய பொருளே அல்ல.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2025 ஜூலையில், குளச்சலில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அவனும் உடல் இளைக்கத்தான் பாடுபட்டான். மூன்று மாதமாகச் சோறு, குழம்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழச்சாறு மட்டும் குடித்து வந்தான். ஒரு நாள் மூச்சுத் திணறல் வந்தது. பெற்றோர் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள்.

அதே 2025 மார்ச்சில் கேரளாவின் கண்ணூர்ப் பக்கத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி. குண்டாகி விடுவோமோ என்ற பயத்தில் ஆகாரத்தையே குறைத்துக் குறைத்து உயிரை விட்டாள்.

பத்து மாதத்தில் மூன்று இளம் உயிர்கள்!

விஷம் வெங்காரத்தில் மட்டும் இல்லை. "குண்டாக இருப்பது குற்றம்" என்ற எண்ணத்திலும் இருக்கிறது. அதை ஊரும் உறவும் சேர்ந்துதான் பிள்ளைகள் மனதில் விதைக்கின்றன.

"என்ன அக்கா, இன்னும் பெருத்துட்டீங்க?"

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருத்தணிக்கு முன்னால் இருக்கிறது கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு போடுவதைப் புண்ணியமாக நினைத்த காலத்தின் பெயர் அது.

அந்த ஊரிலோ, அதைப் போன்ற எந்த ஊரிலோ, ஒரு குடும்பத் தலைவியை எண்ணிப் பாருங்கள். வயது நாற்பது. இரண்டு பிரசவம் ஆனவர். எடை 80 கிலோ. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. விடியற்காலையில் நடக்கிறார். கொள்ளுக் கஞ்சி குடிக்கிறார். தேனும் வெந்நீரும் குடிக்கிறார். எடை இறங்கவில்லை.

கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஒரு குரல்: "என்ன அக்கா, இன்னும் பெருத்துட்டீங்க? வீட்டில் வேலையே இல்லையா?"

நாலு பேர் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து அழுவார்.

அவர் சோம்பேறியா? ஐந்து மணிக்கு எழுந்து பதினொரு மணிக்குப் படுப்பவர் எப்படிச் சோம்பேறி ஆவார்?

இது ஒருவர் கதை அல்ல

மத்திய அரசு நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) ஒரு விஷயத்தைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். நாடு முழுவதற்கும் பார்த்தால் பெண்களில் 24, ஆண்களில் 23 பேர்தான்.

அதற்கு முந்திய கணக்கெடுப்பில் (2015-16) தமிழ்நாட்டுப் பெண்களில் இது 31 ஆக இருந்தது. ஐந்தே ஆண்டில் 9 பேர் கூடிவிட்டார்கள். ஐந்து ஆண்டில் ஒரு மாநிலமே சோம்பேறி ஆகிவிட்டதா? இல்லை. வாழ்க்கை மாறிவிட்டது.

கிணற்றில் நீர் இறைத்த கை இப்போது குழாயைத் திறக்கிறது. ஆட்டுக்கல் மூலையில் கிடக்கிறது, கிரைண்டர் ஓடுகிறது. வயலுக்கு நடந்த கால் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறது. பலகாரம் அன்று தீபாவளிக்கு வந்தது; இன்று ஐந்து ரூபாய்ப் பொட்டலமாகப் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

இதில் தனி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

365 படியும் ஒரு இட்லியும்

"நன்றாக நடந்தால் இளைத்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அத்தனை படியும் ஏறினால் உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 50 கலோரி. ஒரு இட்லியில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! மலை இறங்கி வந்து ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால், செலவழித்ததைப் போல மூன்று மடங்கு உள்ளே போய்விடும்.

அப்படியானால் நடப்பது வீணா? வீண் இல்லவே இல்லை! நடந்தால் சர்க்கரை கட்டுப்படும். ரத்த அழுத்தம் குறையும். தூக்கம் வரும். தசை வலுக்கும். இளைத்த எடை திரும்ப ஏறாமல் தடுக்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது தேகப்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் அரைமணி வீதம் ஐந்து நாள். ஆனால் நடை மட்டுமே எடையை இறக்கிவிடும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. எடை இறங்கவில்லை என்பதால் நடையை நிறுத்தவும் கூடாது.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

எவ்வளவு முயன்றும் இளைக்காதவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டிய இடம் கழுத்து.

தொண்டையின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் உடம்பு என்ற அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று உத்தரவு போடுவது அது.

அதன் சுரப்பு குறைந்தால் அடுப்பு மந்தமாகும். காரணம் இல்லாமல் களைப்பு. மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவருக்குக் குளிர். மலச்சிக்கல். வறண்ட தோல். முடி கொட்டுதல். மாதவிடாய்க் கோளாறு. முகம் வீங்கினாற்போல் இருக்கும். கொஞ்சம் எடையும் ஏறும்.

சென்னை உள்பட எட்டு நகரங்களில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. அதில் நூற்றுக்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? ஒரு சொட்டு ரகசியமும் இல்லை. டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை போதும். தனியார் பரிசோதனைக் கூடத்தில் சில நூறு ரூபாய் ஆகும்.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறு சுவையானது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை எடுத்து ஒரு பெண் நோயாளிக்கு ஊசி போட்டார். சாகக் கிடந்த நோய் தெளிந்தது. அந்த அம்மாள் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பு நீரைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று அது சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது.

மாத்திரை மந்திரம் அல்ல

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "தைராய்டு இருக்கிறது, மாத்திரை போட்டால் இளைத்துவிடுவேன்" என்று நினைக்கிறார்கள்.

தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதிலும் பெரும் பங்கு உடம்பில் தேங்கிய நீரும் உப்பும். மாத்திரை அதைக் குறைக்கும். 25 கிலோ கூடியிருந்தால் மீதி 20 கிலோவுக்கு மாத்திரை பொறுப்பல்ல. இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

மாத்திரையை எப்படிப் போடுவது? காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி, டீ, பலகாரம் எல்லாம் அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் தாங்களாக மருந்தை நிறுத்தவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம்.

தைராய்டு நன்றாக இருப்பவர்கள் இளைப்பதற்காக இந்த மாத்திரையைப் போடலாமா? கூடாது! நெஞ்சு படபடக்கும். எலும்பு தேயும். இதயத்துக்கே ஆபத்து வரலாம்.

உடம்பின் கஞ்சத்தனம்

தைராய்டும் சரி, ஆகாரமும் குறைவு. அப்படியும் எடை ஏன் இறங்குவதில்லை?

உடம்புக்குப் பஞ்சம் தெரியும். பட்டினி விரதம் தெரியாது. சாப்பாடு திடீரெனக் குறைந்தால், "பஞ்சம் வந்துவிட்டது" என்று நினைத்துச் செலவைச் சுருக்குகிறது. வருமானம் குறைந்த குடும்பம் சிக்கனமாக நடப்பதைப் போல.

அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் நடந்தது. கலந்து கொண்டவர்களில் 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியாயிற்று. பெரும்பாலோருக்கு இளைத்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அவர்கள் உடம்பு, இருக்க வேண்டியதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக் கொண்டிருந்தது. போட்டி முடிந்தும் கஞ்சத்தனம் தீரவில்லை!

ஆகவே பத்து நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். இறங்கினால் மெல்ல இறங்க வேண்டும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தணியத் தொடங்கும். அதுவே வெற்றி.

கனகம்மாசத்திரத்துக்கு அருகேதான் திருவாலங்காடு இருக்கிறது. உடம்பின் தசையெல்லாம் உதிர்ந்து பேய் உருவம் வேண்டும் என்று இறைவனிடம் வரம் கேட்ட காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலம். அது பக்தியின் எல்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த வரம் வேண்டாம். நடமாடத் தெம்பும், நோயில்லாத ரத்தமும் போதும்.

தட்டைப் பாருங்கள்

இந்தியர்கள் சாப்பிடும் சக்தியில் சுமார் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சென்னை நிபுணர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு இது.

சோற்றை ஒழிக்க வேண்டாம். குன்றைச் சிறு மேடாக்கினால் போதும். அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, பொரியல் வரட்டும். டீயில் சர்க்கரை குறையட்டும். பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறு "வீணாகக் கூடாதே" என்று தாய் வயிற்றுக்குள் போவது நிற்கட்டும்.

தராசு இல்லாத வீட்டில் தையற்காரர் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

தூக்கக் குறைவு, சினைப்பைக் கோளாறு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் இவையும் எடையை ஏற்றும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு போங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போயிற்று. நல்ல காரியம். அப்படி வீட்டுக்கு வரும் ஊழியர் கையில் ஒரு டேப்பும் இருக்கட்டும். சந்தேகம் உள்ளவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கட்டும். என்ன சாப்பிடுவது என்று பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் அங்கே உட்காரட்டும். கிராமத்துப் பெண்கள் அச்சமில்லாமல் நடக்க, விளக்கு எரியும் ஒரு பாதை அமையட்டும்.

அங்கே பதில் கிடைத்தால், பதில் தேடி யூடியூபுக்கு யாரும் போக வேண்டியதில்லை.

குடும்பத்துக்கு ஒரு வார்த்தை

எல்லாவற்றையும்விட அவசியமான மருந்து ஒன்று உண்டு. அதற்குக் காசு இல்லை. அது ஆறுதல்.

மனைவி நடக்கப் புறப்பட்டால், கணவன் அந்த அரைமணி நேரம் அடுப்பைப் பார்த்துக் கொள்ளட்டும். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். வீடே ஒரே சமையலைச் சாப்பிடட்டும். மகளுடைய உடம்பைப் பற்றி உறவினர் கேலி பேசினால், "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று தாய் துணிந்து சொல்லட்டும். பிள்ளை ரகசியமாகப் பட்டினி கிடந்தால், பொடியோ கஷாயமோ வாங்கி வந்தால், திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேலியால் இளைத்தவர் எவரும் இல்லை. மதுரையும் குளச்சலும் கண்ணூரும் போதும். இன்னொரு ஊரின் பெயர் அந்த வரிசையில் சேர வேண்டாம்!