பாலம் நிற்கிறது, ஆறு?

டூர்னா கடற்கரையும் கட்டடங்களும் மட்டும்தானா? ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து சுமார் 800 கி.மீ. உள்ளே, டார்லிங் ஆற்றங்கரையில் பர்க் என்றொரு சிற்றூர். செம்மண் வெளியும், குண்டபூக்கா மலையின் பாறை ஓவியங்களும் கொள்ளை அழகு. என் மனசில் நின்றதோ, 1883-ல் திறந்த இரும்புத் தூக்குப் பாலம். நீராவிப் படகுக்காக நடுப்பகுதி மேலே எழும்புமாம். இன்று வறட்சி வந்தால் ஆற்றில் ஓட்டமே நின்றுவிடுகிறது. மேலே பருத்திப் பாசனத்துக்கு உறிஞ்சியதும் ஒரு காரணம்.

கிழக்கே பிரூவாரினாவில் பழங்குடியினர் கல்லடுக்கிய மீன்பொறிகள். மீன் சிக்கும்; தண்ணீர் ஓடும். அதுவும் இன்ஜினியரிங்தான்! டிப்ளமோக்காரர்களே, பம்பு மாட்டத் தெரிந்தால் போதுமா? எவ்வளவு எடுக்கலாம்னும் தெரியணும்.