காசுக்கு ஒரு வழக்கு, பிள்ளைக்கு ஒரு வழக்கு

துணுக்காயிலிருந்து முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போவதென்றால் மாங்குளத்துக்கு வந்து, ஒட்டுசுட்டான் வழியாகப் போகவேண்டும். கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு தவணை என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. அண்மையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் துணையாக நானும் போனேன். தாபரிப்பு வழக்கு. திரும்பி வரும்போது அவருடைய மனைவியும் அதே பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்தார். இவர் என் காதுக்குள் கேட்டார்: "அண்ணை, காசு கட்டாட்டி என்னை மறியலில போடுவினம். பிள்ளையைக் காட்டாட்டி ஆரைப் போடுவினம்?"

விவாகரத்துச் சட்டம் ஆண்களை வஞ்சிக்கிறது என்று தேநீர்க்கடையிலும் முகநூலிலும் அடிக்கடி கேட்கிறோம். சட்டத்தைப் பார்த்தால் அது அப்படியே உண்மையென்று சொல்லமுடியாது.

இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் தகப்பனே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர். திருமணம் நிலைத்திருக்கும்வரை பிள்ளையை வைத்திருப்பதில் அவருக்கே முன்னுரிமை என்றுதான் நீதிமன்றங்கள் நீண்டகாலம் சொல்லி வந்தன. பின்னர்தான் பிள்ளையின் நலன் முன்னுக்கு வந்தது. தேசவழமையின் கீழ் வாழும் திருமணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போரில் கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தாபரிப்பிலும் 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கணவன் மீது மட்டும் சுமத்திய கடமையை, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருபாலாருக்கும் பொதுவாக்கியது. வசதியுள்ள மனைவியிடம், தன்னைப் பராமரிக்க முடியாத கணவனும் தாபரிப்புக் கேட்கலாம்.

அப்படியானால் எங்கள் ஊர்க்காரரின் கேள்வி வெறும் புலம்பலா? இல்லை.

தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துக்குரியது. நிலுவை விழுந்தால் சம்பளத்தில் பிடிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. ஒரே வளாகத்தில், சில இடங்களில் ஒரே நீதிபதியின் முன் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு வழக்குகள். பிள்ளையைப் பார்க்கும் கட்டளை மீறப்பட்டால் திரும்பவும் மனு, திரும்பவும் சட்டத்தரணி, திரும்பவும் தவணை. காசுள்ள தகப்பன் அதைச் செய்வார். கூலிக்காரத் தகப்பன் பாதியில் விட்டுவிடுவார்.

ஆனால் முன் இருக்கையில் இருந்தவரின் பக்கமும் உண்டு. மாதக் காசு வராதபோது அவரும் இதே தூரம் வந்துதான் கேட்கவேண்டும். "பிள்ளையைக் காட்டினால்தான் காசு" என்பதும், "காசு தந்தால்தான் பிள்ளை" என்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். தாபரிப்பும் பிள்ளைக்குரியது, தகப்பனைப் பார்ப்பதும் பிள்ளைக்குரியது.

இந்தப் பகையை வளர்ப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களை ஏற்கிறது: திருமணத்துக்குப் பின் பிறருடன் உறவு, கெட்ட எண்ணத்துடன் துணையைக் கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த மாற்றமுடியாத தாம்பத்திய இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிவது இதில் இல்லை. ஏழு ஆண்டுகள் பிரிந்திருந்தது மட்டும் போதாது, ஒருவரின் தவறு நிறுவப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றமும் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் 1986இல் தீர்ப்பளித்தது. இதே நாட்டில் 1952ஆம் ஆண்டின் கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்கள் பரஸ்பர சம்மதத்துடன் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே பிரியலாம்.

போரின் கடைசி ஆண்டுகளில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து, வயதும் பொருத்தமும் பாராமல் அவசரமாக எத்தனை கலியாணங்கள் செய்து வைத்தோம்! பல பதியப்படவில்லை, பதிந்தவற்றின் பத்திரங்களும் இடப்பெயர்வில் போயின. அப்படிச் சேர்ந்தவர்கள் பிரிய நினைக்கும்போது, சட்டம் கேட்பது "யார் குற்றவாளி?" என்பதைத்தான். ஒருவரையொருவர் குற்றவாளியாக்கிய பிறகு, பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பது எப்படி?

ஆகவே ஆண்களுக்கு ஒரு சட்டம், பெண்களுக்கு ஒரு சட்டம் என்று கேட்பதில் பயனில்லை. மனமொத்துப் பிரியும் வழி எங்களுக்கும் வேண்டும். தாபரிப்பும் பிள்ளையைப் பார்க்கும் நேரமும் ஒரே விசாரணையில், ஒரே கட்டளையில் தீர்க்கப்பட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள், ஆணோ பெண்ணோ, சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்ற தகவலாவது ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் தெரியும்படி இருக்கவேண்டும்.

துணுக்காயில் இறங்கியபோது இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த தவணைக்கும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள்.