ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், சரியாயிடுச்சு

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம். சர்வர்னு வர்ற இடத்துல ஓட்டல் சர்வரை நினைச்சுக்கிட்டீங்கன்னா பாதிக்கு மேல புரிஞ்சிடும்.

முன்னாடி அப்பாச்சி, பின்னாடி டாம்கேட். (அப்பாச்சின்னா அப்பாவோட அம்மா இல்லீங்க, வெப் சர்வர்.) ஜாவா அப்ளிகேஷன் ஓடுற பல ஆபீஸ்ல இன்னிக்கும் இதுதான் அமைப்பு. வெளியில இருந்து வர்றவங்களை அப்பாச்சி வரவேற்கும். படம், ஸ்டைல்ஷீட் மாதிரி சில்லறை அயிட்டங்களைத் தானே எடுத்துக் குடுத்துடும். ஜாவா வேலைன்னா பின்னாடி இருக்கற டாம்கேட்டுக்கு அனுப்பும். அதாவது அப்பாச்சி டேபிள்ல ஆர்டர் எடுக்கறவர், டாம்கேட் சமையல்கட்டு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வழி உண்டு. 8080 போர்ட்ல சாதாரண ஹெச்டிடிபி, இல்லேன்னா 8009 போர்ட்ல ஏஜேபிங்கற பழைய ப்ரோட்டோகால். ஏஜேபிக்கு அப்பாச்சி பக்கம் மாட் ஜேகே அல்லது மாட் ப்ராக்ஸி ஏஜேபி இருக்கணும்.

இந்த நடு வழியில 503, 502ன்னு எர்ரர் வந்ததும் நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணுவாங்க. "கனெக்டிவிட்டி இஷ்யூ, ரீஸ்டார்ட் செய்தபின் சரியாகிவிட்டது"ன்னு ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிடுவாங்க. எதனாலன்னு கேட்கற கட்டத்துலயும் அதே "கனெக்டிவிட்டி"தான். டேமேஜரும் சந்தோஷம், கிளையன்ட்டும் சந்தோஷம். மறுநாள் அதே நேரத்துக்கு அதே எர்ரர் வரும். என்னோட வாதம் இவ்வளவுதான்: இதுல முக்கால்வாசி நேரம் கனெக்‌ஷன் மேல குத்தமே இல்லை. சமையல் லேட்டானதுக்கு ஆர்டர் எடுத்தவரைத் திட்டற கதைதான். ரீஸ்டார்ட்ங்கறது அதுக்கும் மேல, நடந்தது என்னன்னு சொல்லக்கூடிய ஒரே சாட்சியைக் கொன்னுட்டு பிரேதப் பரிசோதனையும் வேணாம்னு சொல்றது.

நிஜமாவே கனெக்‌ஷன்ல கோளாறுன்னா அதைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். அப்பாச்சியோட எர்ரர் லாக்ல, கனெக்ட் பண்ண முடியலைங்கற வரியோட ஆரம்பத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். லினக்ஸ்ல 111 வந்தா, அந்த போர்ட்ல கேட்டுக்கிட்டு யாருமே இல்லைன்னு அர்த்தம். டாம்கேட் கிளம்பவே இல்லை, அல்லது வேற அட்ரஸ்ல உக்காந்திருக்கு. 110 வந்தா, கூப்பிட்டோம், ஆமாம்னோ இல்லைன்னோ பதிலே வரலை. முதல்ல ஃபயர்வால்காரங்களைப் பாருங்க. 13 வந்தா அனுமதி இல்லை. ரெட்ஹாட், சென்ட் ஓஎஸ் வகையறால அது பெரும்பாலும் எஸ்இ லினக்ஸ் வேலை. அப்பாச்சி வெளியில நெட்வொர்க் கனெக்‌ஷன் போட அனுமதிக்கற ஒரு சுவிட்ச் அதுல இருக்கு, சும்மா இருந்தா அது ஆஃப். இதுக்கு டாம்கேட்டை நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் விடிவு கிடையாது. எஸ்இ லினக்ஸையே மொத்தமா அணைச்சுட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொல்ற வீரர்களும் உண்டு, அவங்களைப் பத்தித் தனிப் பதிவு போடணும்.

மூணு நம்பருக்கும் மூணு காரணம், மூணு வேற வேற டீம். எல்லாத்தையும் "கனெக்டிவிட்டி"ங்கற ஒரே சாக்குல போட்டுக் கட்டினா எப்படி?

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். போர்ட் திறந்திருக்கு, ஃபயர்வால் ஓகே, டாம்கேட் உயிரோட இருக்கு. ஆனாலும் பேஜ் சுத்திக்கிட்டே இருந்து கடைசியில எர்ரர். லாக்ல 70007ன்னு ஒரு நம்பர், குறிச்ச நேரம் முடிஞ்சு போச்சுன்னு. கனெக்ட் ஆயிடுச்சு, பதில்தான் வரலைன்னு அர்த்தம். இங்கதான் கணக்கு போட்டுப் பார்க்கணும்.

டாம்கேட்ல ஒரு கனெக்டருக்கு நீங்க எதுவும் மாத்தலைன்னா 200 த்ரெட். அதாவது சமையல்கட்டுல 200 பேர். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒருத்தர் நிக்கணும். இவங்க டேட்டாபேஸ்கிட்ட பேசறதுக்கு இருக்கற பூல் எவ்வளவு? ஹிகாரி பூல்னா சும்மா விட்டா 10. டாம்கேட் கூட வர்ற டிபிசிபி 2-ல 8. ஆக 200 பேர் சமையலுக்கு, 8 அடுப்பு! எல்லாம் வேகமா நடக்கற வரைக்கும் பிரச்சனை இல்லை. இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேபிள் மேல யாரோ ஒருத்தர் மாசக் கடைசி ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டார்னு வைங்க. எட்டு அடுப்பும் அதுலயே மாட்டிக்கும். மீதி 192 பேரும் கையைக் கட்டிக்கிட்டு வரிசையில நிப்பாங்க. புதுசா வர்ற ரிக்வெஸ்ட்டை டாம்கேட் வேண்டாம்னு சொல்லுமான்னா, சொல்லாது. இப்ப இருக்கற என்ஐஓ கனெக்டர் ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனை வாங்கி வரிசையில உக்கார வெச்சுக்கும். முன்னாடி நிக்கற அப்பாச்சி 2.4-க்கு இயல்பான பொறுமை 60 செகண்ட். அது முடிஞ்சதும் கஸ்டமர் கையில எர்ரர் பக்கத்தைத் திணிச்சுடும். மெசேஜ்ல அப்பாச்சி பேர் இருக்கறதால பழியும் அப்பாச்சிக்கு. தப்பு எங்க? எங்கயோ ஒரு எஸ்க்யூஎல்ல.

இப்ப டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணினா என்ன ஆகும்? வரிசை காலி, அடுப்பு காலி, எல்லாம் பறக்கும். அந்த ரிப்போர்ட்டை மறுபடி யாராவது தட்டற வரைக்கும்.

சரி, அதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கேப்பீங்க. அந்த 200 த்ரெட்லயும் 200 பேரோட வேலை பாதியில நிக்குது. காலேஜ் ஃபீஸ் கட்டுற அப்ளிகேஷனா இருந்தா, பேங்க்ல பணம் கழிஞ்சிருக்கும், நம்ம டேபிள்ல ரசீது ஏறியிருக்காது. ரீஸ்டார்ட்ல அந்த நடுப்பாதை வேலை அறுந்துடும். கடைசி நாள் ராத்திரி பதினொன்னரைக்கு ஃபீஸ் கட்டற பையன் என்ன பண்ணுவான்? பயத்துல மறுபடி கட்டுவான். அவங்கப்பா ரெண்டு தடவை போன பணத்துக்காக அப்புறம் வாரக்கணக்கா பேங்குக்கும் காலேஜுக்கும் நடப்பார். நம்ம டிக்கெட்ல அது "ரிசால்வ்டு"!

எங்க பழைய ப்ராஜெக்ட் ஒண்ணுல இது இன்னும் ஒரு படி மேல. தினம் விடிகாலை 4 மணிக்கு டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ண கிரான் போட்டு வெச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. போட்டவர் கம்பெனியை விட்டே போயிட்டார். இதுல சாங்கியம் வேற. "முதல்ல டாம்கேட், ஒரு நிமிஷம் கழிச்சு அப்பாச்சி, இந்த வரிசையிலதான் பண்ணணும்" அப்படின்னு ரன்புக்லயே எழுதியிருக்கும். உண்மைக் காரணம் சப்பை. டாம்கேட் கனெக்ட் ஆகலைன்னா அப்பாச்சியோட ப்ராக்ஸி மாட்யூல் அதை எர்ரர் லிஸ்ட்ல போட்டு 60 செகண்ட் திரும்பிப் பார்க்காது. ரீட்ரைங்கற செட்டிங் அது. அந்த ஒரு நிமிஷத்துல டாம்கேட் ஜம்முனு எழுந்து உக்காந்திருந்தாலும் வெளியில 503தான் வரும். சும்மா இருந்தாலே சரியாகியிருக்கும். ஆனா அப்பாச்சியையும் ஒரு தட்டு தட்டினா உடனே சரியாயிட்ட மாதிரி தெரியும். அப்படித்தான் சாங்கியம் பொறக்குது :-)

பதிலுக்கு என்ன செய்யலாம்? த்ரெட் டம்ப். டாம்கேட் ப்ராசஸுக்கு கில் -3 அனுப்பினா போதும், ஒவ்வொரு த்ரெட்டும் இந்த நொடியில எந்த வரியில நிக்குதுன்னு கேட்டலினா அவுட் ஃபைல்ல கொட்டிடும். பேர்ல கில் இருந்தாலும் இது யாரையும் கொல்லாது. பழக்க தோஷத்துல -9ன்னு அடிச்சுடாதீங்க, அது நிஜமாவே கொல்லும். ஜேஸ்டாக் கமாண்டும் இதே வேலையைச் செய்யும். பத்து செகண்ட் இடைவெளியில மூணு தடவை எடுங்க. மூணுலயும் அதே த்ரெட் அதே வரியில நின்னா குற்றவாளி கிடைச்சாச்சு. நூத்துக்கணக்கான த்ரெட் டேட்டாபேஸ் பூல் வாசல்ல நிக்குதா, வெளி பேமென்ட் கேட்வே பதிலுக்குக் காத்திருக்கா, ஒரே லாக்குக்காக அடிச்சுக்குதா எல்லாம் வெட்டவெளிச்சம். மொத்தச் செலவு அரை நிமிஷம்.

அரைகுறை வைத்தியத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்லியே ஆகணும். 2020 பிப்ரவரியில கோஸ்ட்கேட்னு ஒரு ஓட்டை வெளியில வந்தது, சி.வி.இ. 2020-1938. 8009 போர்ட்டைத் தொட முடிஞ்ச யார் வேணா டாம்கேட்ல இருக்கற அப்ளிகேஷனோட உள் ஃபைல்களைப் படிச்சுடலாம். பாஸ்வேர்டு கிடக்கற கான்ஃபிக் ஃபைல் உட்பட. ஃபைல் அப்லோட் பண்ற வசதி இருந்தா அது வழியா கோடே ஓட்டலாம். அதை அடைச்சு 9.0.31, 8.5.51, 7.0.100 வந்தது. கூடவே ஏஜேபி கனெக்டரை சும்மா கிடைக்காத மாதிரி பண்ணிட்டாங்க, அட்ரஸை லோக்கல் மெஷினுக்கு மட்டும் சுருக்கினாங்க, சீக்ரெட்டுன்னு ஒரு ரகசியச் சொல் கட்டாயம்னாங்க. சொல் குடுக்கலைன்னா கனெக்டர் கிளம்பவே கிளம்பாது.

அப்கிரேட் பண்ணின மறுநாள் உலகம் முழுக்க 503. கூகுள்ல தேடினா கிடைச்ச மருந்து என்ன? சீக்ரெட் ரெக்வயர்டை ஃபால்ஸ் ஆக்கு, அட்ரஸை 0.0.0.0 ஆக்கு. அதாவது பூட்டு இறுகுதுன்னு கதவையே கழட்டி வை. 403 வருதேன்னு கேட்டவங்களுக்கு, அனுமதிக்கப்பட்ட ஆட்ரிபியூட் பேட்டர்ன்ல புள்ளியும் நட்சத்திரமும் போடச் சொன்ன புண்ணியவான்களும் உண்டு. அடைச்ச ஓட்டையைக் கையால திரும்பத் திறக்கறது அது. பேட்டர்னைத் தொடாம விட்டாலும்கூட, ஏஜேபிங்கறது முன்னாடி இருக்கற ஆளை முழுசா நம்பற ப்ரோட்டோகால். இந்த ரிக்வெஸ்ட் இன்ன ஐபில இருந்து வந்தது, எஸ்எஸ்எல்ல வந்ததுன்னு சொன்னா அப்படியே கேட்டுக்கும். அந்த போர்ட்டை ஊருக்குத் திறந்து வைக்கலாமா?

நியாயத்தையும் சொல்லிடறேன். மாட் ஜேகேல சீக்ரெட் வசதி ரொம்ப காலமா உண்டு. மாட் ப்ராக்ஸி ஏஜேபில அது அப்பாச்சி 2.4.42-ல தான் வந்தது. அதனால 2020 ஆரம்பத்துல சிலருக்கு வேற வழி இல்லை. ரெண்டும் ஒரே மெஷின்ல, 127.0.0.1-ல மட்டும் பேசிக்கிட்டா அவ்வளவு ஆபத்தும் இல்லை. ஆனா இன்னிக்கும் புதுசா ஏத்தற சர்வர்ல அந்த ரெண்டு வரியைக் காப்பி பேஸ்ட் பண்றதுக்கு என்ன சமாதானம்? என்னைக் கேட்டா, புதுசா கட்டறவங்க ஏஜேபியையே விட்டுட்டு ஹெச்டிடிபி ப்ராக்ஸி போட்டுடலாம். ஒரே தொல்லை, டாம்கேட்டுக்கு வர்ற எல்லா ரிக்வெஸ்டும் 127.0.0.1-ல இருந்து வர்ற மாதிரியே தெரியும், ஹெச்டிடிபிஎஸ் பக்கம் ஹெச்டிடிபிக்கு ரீடைரக்ட் ஆகி வட்டமடிக்கும். அப்பாச்சில ஃபார்வர்டட் ஹெட்டரை வெச்சு, டாம்கேட்ல ரிமோட் ஐபி வால்வை மாட்டினா தீர்ந்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு கிளையன்ட் கத்தும்போது நீ வந்து டம்ப் படிப்பியா?"ன்னு சக ஆணி பிடுங்கும் நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. எஸ்எல்ஏ எவ்வளவு சீக்கிரம் எழுப்பினங்கறதைத்தான் அளக்குது, எத்தனை தடவை விழுந்ததுங்கறதை இல்லை. அதனால ராத்திரி ரீஸ்டார்ட் பண்ணவே கூடாதுன்னு நான் சொல்லலை, நைட் ஷிஃப்ட்ல இருக்கற ஃப்ரெஷரை டம்ப் படிக்கவும் சொல்லலை. மூணு டம்ப், லாக்கோட கடைசி ஆயிரம் வரி, ரெண்டையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல வைக்கற அஞ்சு வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். அதை ரன்புக்ல ரீஸ்டார்ட் கமாண்டுக்கு மேல ஒரு வரியா சேர்த்துடுங்க. படிக்கறதைக் காலையில டீ குடிச்சுட்டு நாம படிச்சுக்கலாம்.