தோன்றா எழுவாய்ச் செய்திகள்

தமிழிலக்கணம் கற்கப் புகும் சிறுவன் முதற்கண் அறிவது, ஒரு தொடர்க்கு எழுவாய் வேண்டும் என்பதே. எழுவாய் வெளிப்பட நில்லாவிடத்தும் அது தோன்றா எழுவாயாக உள்ளே நிற்கும். 'வந்தேன்' என்றால் நான் என்பதையும், 'வந்தாய்' என்றால் நீ என்பதையும் வினைமுற்றின் ஈறே காட்டிக் கொடுத்துவிடும். செய்தவனை ஒளித்துச் செயலை மட்டும் சொல்வதற்கு இம்மொழி எளிதில் இடங்கொடாது.

இத்தகைய மொழியில் இன்று இணையவெளியில் நாள்தோறும் கொட்டப்படும் செய்திகளின் நடை எவ்வாறுளது? 'கூறப்படுகிறது', 'தெரியவந்துள்ளது', 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன', 'பெரும் பரபரப்பு', 'இணையத்தில் வைரல்'! கூறியவன் யார்? தெரிவித்த வட்டாரத்திற்கு ஊருண்டா, பேருண்டா? பரபரப்புற்றவர் எத்தனை பேர்? ஒன்றுக்கும் விடையில்லை. இலக்கணத்தின் தோன்றா எழுவாய் தேடினால் தோன்றும். இச்செய்திகளின் எழுவாயோ எத்துணைத் தேடினும் தோன்றாது. 'வைரல்' என்னும் சொல்லோ நச்சுயிரின் ஆங்கிலப் பெயரடியாகப் பிறந்தது. பரப்புவோரே தம் சரக்குக்கு நோயின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். அவர்கள் சொல்லும் மெய் அஃதொன்றே போலும்!

இந்நோயின் கொடுமையைத் தமிழ்நாடு 2023 மார்ச்சுத் திங்களில் தன் தலைமேலேயே கண்டது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்படுகின்றனர் என்னும் சொல்லோடு சில அசைபடங்கள் வடபுலத்துக் கைப்பேசிகளிற் பரவின. இந்தி பேசியதற்காகவே பன்னிருவர் கொல்லப்பட்டனர் என்று உத்தரப்பிரதேசத்து ஆளுங்கட்சிச் செய்தித்தொடர்பாளர் ஒருவர் கீச்சகத்தில் எழுதினார். இந்தி இதழ்களும் அப்பொய்யை ஏந்தின. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துக்கொண்டிருந்த வடமாநிலத்து எளியோர் பலர் அச்சங்கொண்டு தொடர்வண்டி ஏறினர்.

மெய் யாது? பரவிய படங்களுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள்ளே மோதிக்கொண்டது; மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவரிடை நிகழ்ந்த மோதல். அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு இதனை வெளிப்படையாக அறிவித்தார். வேறொரு படம், இராசத்தானத்துச் சோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொலையுண்ட காட்சி. பின்னும் ஒன்று, காயக்கட்டுகளோடு தொழிலாளர் தோன்றிப் புலம்புவது, பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பெற்றது எனப் பீகார்க் காவல்துறையே கண்டறிந்தது. பீகார் அரசு விடுத்த நால்வர் குழு தமிழ்நாட்டிற்கு வந்து, நேரிற் கேட்டறிந்து, அரசின் பாதுகாப்பில் நிறைவு கொண்டு மீண்டது. கீச்சகத்தில் எழுதிய அந்தச் செய்தித்தொடர்பாளரைப் பிழை பொறுக்குமாறு வேண்டச் சொல்லி 2023 ஏப்பிரலில் உச்ச அறமன்றம் பணித்தது.

படம் ஓரிடத்தது, சொல் வேறிடத்தது, இரண்டையும் ஒட்டியவன் மறைந்து நின்றான். பொய்யின் தொழில்நுட்பம் இவ்வளவே. ஆயினும் அஃது ஏன் அத்துணை எளிதாக விலைபோயிற்று? 'தமிழன் இந்தியை எதிர்ப்பவன். ஆகவே இந்தி பேசுவோனைக் கொல்வான்' என்னும் முடிவு வடவர் பலர் உள்ளத்தில் முன்னரே சமைந்திருந்தது. முடிவு முன்னே பிறந்தது. சான்று பின்னே தேடப்பட்டது. தமிழன் எதிர்ப்பது இந்தியின் ஆட்சியையேயன்றி, வயிற்றுப் பிழைப்புக்கு வந்த ஏழையை அன்று என்னும் வேறுபாட்டை அறிய விரும்பாதவர்க்கு அப்பொய் தேனாய் இனித்தது.

ஆனால், வடவரைப் பழிப்பதோடு தமிழர் நின்றுவிடின் அது பாதி மெய்யே. விரும்பியதை நம்பும் நோய் விந்தியத்திற்கு வடக்கே மட்டும் உள்ளதன்று.

2018 மே 9ஆம் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை கடத்துவோர் ஊர்க்குள் புகுந்துள்ளனர் என்னும் பொய் அப்போது வாட்சப் எனப்படும் புலனத்தின் வழியாக வடதமிழ்நாடெங்கும் பரவியிருந்தது. போளூரையடுத்த சிற்றூர்ப் பக்கம் தம் குலக்கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார், வழியிற் கண்ட சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தனர். அதுவே குற்றமாயிற்று. சூழ்ந்த கூட்டம் சென்னையிலிருந்து வந்த முதிய பெண்மணி ஒருவரை அடித்தே கொன்றது. உடன் வந்தோரும் படுகாயமுற்றனர். கொன்றவர் தமிழர், கொலையுண்டவர் தமிழச்சி, கொல்வித்த செய்தியும் தூய தமிழெழுத்திலேயே கைக்குக் கை சென்றது. இந்நாடெங்கும் இத்தகைய கொலைகள் மலிந்த பின்னரே, அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு மேல் கடத்தவொண்ணாதபடி புலன நிறுவனம் இந்தியாவில் எல்லை வகுத்தது. விரலுக்கு அணை போட்டனர். அறிவுக்கு யார் அணை போடுவது?

கொலைப் பொய் ஒருபுறம் நிற்க. பெருமைப் பொய் மற்றொரு புறம். திருநள்ளாற்றுக் கோயிலுக்கு நேர் மேலே செல்லும் செயற்கைக்கோள்கள் நொடிக்கணக்கில் நின்று செல்கின்றனவாம்! சுற்றும் விரைவை இழந்த கோள் நிற்காது, விழும். தில்லைக் கோயில் உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளியில் அமைந்துள்ளதாம்! உலகைச் சுற்றி மீளும் கோட்டிற்கு மையப்புள்ளி ஏது? இவற்றையெல்லாம் 'நாசா ஒப்புக்கொண்டது' என்னும் முத்திரையோடு பரப்புவோர் யார்? பெரும்பாலும் தமிழ்ப்பற்றாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரே. தமிழின் பெருமைக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றன் பெயரைப் பொய்யாய்க் கடன்வாங்குவது பற்றன்று, அடிமைத்தனம்.

இதனோடு கீழடியை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நான்காம் பருவ அகழாய்விற் கண்ட ஆறு கரிமப் பொருள்கள் அமெரிக்க நாட்டின் பீட்டா ஆய்வகத்திற்கு விடுக்கப்பெற்றன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்தது கி.மு. 580ஐச் சார்ந்தது எனக் கணிக்கப்பெற்று, 2019இல் அறிக்கையாக வெளிவந்தது. தோண்டியவர் யார், எவ்வளவு ஆழம், கணித்தவர் யார், வெளியிட்டவர் யார்? ஒவ்வொன்றுக்கும் விடையுண்டு. இச்செய்திக்கு எழுவாய் உண்டு. ஆகவே இதனை மறுப்பவனும் சான்றுகொண்டே மறுத்தாக வேண்டும்.

நடுவண் அரசின் தொல்லியல் துறை, தன் அலுவலரான அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த கீழடி அறிக்கையைத் திருத்தம் வேண்டுமென 2025 மே திங்களில் திருப்பியது. சான்றுள்ள மெய்க்கே இத்துணைத் தடை எனில், சான்றற்ற பொய்யைத் தமிழன் அதனருகே கொண்டு வைப்பது அறிவுடைமையா? 'கீழடியும் திருநள்ளாற்றுக் கதை போன்றதே' என்று பகைவன் ஒரே மூச்சிற் சொல்ல வழி திறந்தவர் யார்? தமிழின்பால் அன்பு கொண்டு பொய் பரப்பியவரே அல்லரோ!

அவ்வாறாயின் செய்தியை எடைபோடுவது எங்ஙனம்? இதற்கு மேனாட்டு அளவுகோல் தேடியலைய வேண்டா. திருக்குறளின் 'ஒற்றாடல்' பகுதியில் வள்ளுவர் அதனை வகுத்து வைத்துள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்தால் மட்டுமே தெளிய வேண்டும் என்பது அவர்தம் கருத்து. இதில் உயிர்நிலை 'மூவர்' என்னும் எண்ணன்று, 'ஒருவரையொருவர் அறியாமை'யே.

இன்று நூறு பேர் ஒரே செய்தியை விடுத்தால் நூறு சான்று கிடைத்ததாக மக்கள் மயங்குகின்றனர். நூற்றுவரும் ஒருவனிடமே பெற்றவர் எனின் அங்கு ஒற்றன் ஒருவனே. ஏனைய தொண்ணூற்றொன்பதும் எதிரொலி. பத்து மின்னிதழ்கள் தில்லிச் செய்தி நிறுவனம் ஒன்று விடுத்த ஒரே உரையைத் தலைப்பு மாற்றி இட்டால் அதுவும் ஓர் ஒற்றே. வாய்களை எண்ணற்க, ஊற்றுகளை எண்ணுக. இவ்வொன்றைக் கைக்கொண்டாலே பொய்யிற் பெரும்பகுதி அற்றொழியும்.

எஞ்சியவற்றைக் கண்டறிய எளிய வினாக்கள் போதும். எழுதியவர் பெயரும், வெளியிட்டோர் முகவரியும் உள்ளனவா? நிகழ்ந்த நாளும் ஊரும் சுட்டப்பட்டுள்ளனவா? தலைப்புச் சொல்வதை உள்ளுரை சொல்கின்றதா? படம் அந்நிகழ்ச்சிக்கு உரியதுதானா? படத்தையே கொண்டு தேடி, அது முன்னர் எங்கெங்கு வந்தது எனக் காட்டும் வாய்ப்பு இன்று கைப்பேசியிலேயே உள்ளது. சோத்பூர்ப் படம் தமிழ்நாட்டுப் படம் அன்று என்பதைப் பிரித்தறிய அதுவே துணை. தவறு நேர்ந்தால் அவ்விதழ் திருத்தம் வெளியிடுகின்றதா? பிழையே செய்யாத இதழ் உலகில் இல்லை. பிழையை ஒப்புக்கொள்ளாத இதழோ நம்பத்தக்கதன்று. இறுதியாக, இதனை நம்புவதால் யார்க்கு வருவாய், யார்க்கு வாக்கு? பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப விளம்பரப் பணம் பெறும் வலையொளிக்காரனுக்கு, மெய்யினும் சினமே மிகுதியாய் விலைபோகும்.

அரசே மெய்யும் பொய்யும் பிரித்துத் தரட்டும் என்பார் சிலர். நடுவண் அரசு தன்னைப் பற்றிய செய்திகளின் மெய்ம்மையைத் தானே முடிவு செய்யத் தனிப்பிரிவு அமைக்க 2023இல் விதி வகுத்தது. அது செல்லாதென 2024 செப்டம்பரில் மும்பை உயர் அறமன்றம் தீர்த்தது. வழக்காடுவோனே தீர்ப்பாளனும் ஆதல் முறையன்று. மெய் காணும் பொறுப்பைத் தில்லிக்கு விடுவதும் தவறு. சென்னைக்கு விடுவதும் தவறு. அது படிப்போன் கடமை.

தமிழர்க்குப் படையில்லை; பெருஞ்செல்வமில்லை; தில்லியில் முடிவெடுக்கும் பெரும்பான்மையுமில்லை. உள்ள ஒரே படைக்கலம் மெய். அப்படைக்கலத்தைத் துருப்பிடிக்க விட்டவன் எத்துணைத் தூய தமிழிற் பேசினும் தமிழுக்குப் பகைவனே. மொழித்தூய்மை என்பது அயற்சொல்லைக் களைவதோடு முடிவதன்று. பொய்ச்சொல்லைக் களைவதும் அதன்பாற்பட்டதே.

அடுத்தமுறை கைப்பேசியில் ஒரு செய்தி ஒளிரும்போது, தமிழன் சினமோ மகிழ்வோ கொள்ளுமுன் பள்ளிச் சிறுவனின் வினாவைக் கேட்கட்டும்: எழுவாய் யாது? விடை கிடையாதெனின், அச்செய்தி அவன் கையோடு சாகட்டும்!